ஏறுகிற வண்டிக்கு வழி

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வந்துவிட்டால் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியவரும், வழி விடுவது எப்படி என்பதை இந்த மாதிரிச் சாலையில்தான் சரியாகப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன். யார் நிற்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதை இங்கே வண்டியின் எடையும் சாலையின் சரிவும் பிரேக்கின் சூடும் தீர்மானிக்கின்றன.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் நெடுநாள் வழக்கம். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஒழுங்குமுறைகளிலும், இரண்டு வண்டிக்கு அகலம் போதாத மலைச்சாலைக்கு இதுவே விதி. ஏற்றத்தில் ஆள் நிரம்பிய பேருந்து ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது லேசான காரியமில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, பாதி கிளட்சில் இன்ஜினை உறுமவிட்டு, பின்னால் ஓரடி உருளாமல் எடுக்க வேண்டும். பழைய வண்டியென்றால் கிளட்ச் கருகும் வாடை கடைசி சீட்டு வரை வரும். சில நேரம் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க யாராவது இறங்க வேண்டியிருக்கும். இறங்குகிற காருக்கோ நிற்க ஒரு மிதி போதும். கிளம்பச் சரிவே தள்ளிவிடும்.

வளைவுக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதனால் ஓட்டுநர் எதிர்த்தடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் திருப்ப முடியும். இது தெரிந்தவர் வளைவுக்குச் சற்று மேலேயே, ஓரம் அகலமாக இருக்கிற இடம் பார்த்து நின்றுவிடுகிறார். தெரியாதவர் வளைவுக்குள் காரின் மூக்கை நுழைத்துவிட்டு அப்புறம் வழி விட நினைக்கிறார். அப்போது விடுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. பின்னால் வேறு கார்கள் நெருக்கி நின்றிருக்கும். அத்தனை பேரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அதுவும் மேட்டில். மனது மட்டும் இருந்து பயனில்லை, அது முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். மற்றவர் பதறாமல், சடாரென்று பிரேக் அடிக்காமல் கடந்துபோனால்தான் நாம் வழி விட்டோம் என்று சொல்லலாம்.

விதி திணறுகிற இடமும் உண்டு. அன்னாசியோ வாழைத்தாரோ நிறைய ஏற்றிய லாரி ஒன்று, இரண்டாம் கியரில், பிரேக்கைச் சூடேற்றாமல் இன்ஜினின் பிடியிலேயே இறங்கி வருகிறது. எதிரே சின்னக் கார் ஒன்று ஏறுகிறது. விதிப்படி பார்த்தால் முன்னுரிமை காருக்கு. அந்தக் காரில் நான் இருந்தால் ஓரங்கட்டி நிற்பேன். இரண்டு பேரில் நிற்பது யாருக்குக் கஷ்டம் என்ற கேள்வியிலிருந்துதான் அந்த விதி பிறந்திருக்க வேண்டும். இங்கே அதே கேள்விக்குப் பதில் வேறு. பிரிட்டனின் சாலை விதிநூல் தன் விதிகள் எந்தச் சூழலிலும் யாருக்கும் வழியுரிமை தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எப்போது பிறருக்கு வழி விட வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லித் தருகிறது. இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொல்லிவிட முடியாது.

நல்ல மனதே ஆபத்தாக முடிகிற இடமும் ஒன்று இருக்கிறது. ஊருக்குள் நாலுவழிச் சாலை. பள்ளிப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா கடக்கக் காத்திருக்கிறார். இடது ஓரமாக வந்த கார் நிற்கிறது. ஓட்டுபவர் “போங்கம்மா” என்று கையைக் காட்டுகிறார். அவர் காருக்கு வலப்பக்கம் ஒரு பைக் வேகம் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது. கார் மறைப்பதால் அந்த அம்மாவுக்கு அது தெரியாது. நின்றது சரி, கை காட்டியது தப்பு. அவர் விட்டுக்கொடுக்க முடிந்தது தன் தடத்தை மட்டும்தான். பக்கத்துத் தடத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க அவரால் ஆகாது. நிற்கட்டும், பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கட்டும். எப்போது அடி எடுத்து வைப்பது என்பதை அந்த அம்மாவே எட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்துக்குப் பயந்தோ பயப்படாமலோ, சைரன் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒதுங்கத்தான் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதற்கடுத்த நொடியில். ஒதுங்கியவர்கள் திறந்துவிட்ட சந்தில், ஆம்புலன்ஸின் பின்கதவை ஒட்டியபடியே இரண்டு பைக்கும் ஒரு காரும் பாய்ந்து போகின்றன. ஒதுங்கி நின்றவர் திரும்பச் சாலைக்குள் வர இண்டு இடுக்கு இல்லாமல் ஓரத்திலேயே கிடக்கிறார். வழி விட்டவரை இப்படி ஏமாளியாக்கினால், அடுத்த சைரனுக்கு அவர் கொஞ்சம் யோசித்துத்தான் ஒதுங்குவார். அந்தத் தயக்கம் உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிற யாரோ ஒருவரின் தலையில்தான் விடியும்.