காற்று சாய்த்த பந்தல்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் கோடைச் சூறைக்காற்று பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கக் காய்ந்த மலைச்சரிவுகளின் மேல் மேகம் திரளும். மழையால் குளிர்ந்து கனத்த காற்று அந்த மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையில் மோதும். மோதிய வேகத்தில் பக்கவாட்டில் பாயும். அதிகம் போனால் இருபது நிமிடம். அது போன தடமும் குறுகலானது. ஒரு தோட்டத்தில் ஆயிரம் வாழை படுத்துக் கிடக்க, வரப்புக்கு அந்தப் பக்கம் இலை கிழிந்ததோடு மரங்கள் நிற்பதைக் காணலாம். ஆடிக் காற்றின் சுபாவம் வேறு. தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளிகள் வழியாக அது வாரக்கணக்கில் அடிக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிக் காற்றுக்கு விவசாயி முன்கூட்டியே முட்டுக் கொடுத்துவிடுவார். கோடைக் காற்று அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

1895இல் பெரியாறு அணை வந்தபின் பள்ளத்தாக்கில் நிலைத்த இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர். காற்றால் நெல்லுக்குப் பெரிய ஆபத்தில்லை. கதிர் சாய்ந்தாலும் அறுத்துக்கொள்ளலாம். கிணற்றுப் பாசனத்தில் வளரும் வாழை, திராட்சை, வெற்றிலை ஆகியவற்றுக்குத்தான் சேதம் பெரிது. மூன்றும் விழும் விதம் வேறு, எழுப்பும் விதமும் வேறு.

வாழையில் மரக்கட்டை கிடையாது. இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியதே தண்டு; அது பெரும்பகுதி நீர். அதன் உச்சியில் இருபது முப்பது கிலோ எடையில் தார் ஒரு பக்கமாகத் தொங்கும். அதனால் காற்றுக்கு முதலில் சாய்வது தார் போட்ட மரமே, அதாவது பத்து மாதச் செலவும் ஏற்கெனவே ஏறிவிட்ட மரம். சாய்ந்த வாழையைத் தூக்கி நிறுத்திப் பயனில்லை. முக்கால் விளைந்த தாரை அன்றோ மறுநாளோ வெட்டி மண்டிக்கு ஏற்றினால் ஏதோ ஒரு விலை வரும். பிஞ்சுத் தாருக்கு அதுவும் இல்லை. கிழங்கு பிடுங்கிக்கொள்ளாமல் தண்டு மட்டும் ஒடிந்திருந்தால், பக்கக்கன்றில் நல்லதாக ஒன்றை விட்டு மற்றவற்றை அறுத்து மறுதாம்பாகக் கொண்டுபோவார்கள். வாழையில் மறுசீரமைப்பு என்றால் வெட்டி அகற்றுவதும் அடுத்த கன்றுக்கு இடம் விடுவதும்தான். ஆளும் அரிவாளும் டிராக்டரும் இருந்தால் ஏக்கரை ஓரிரு நாளில் துப்புரவாக்கலாம்.

திராட்சை அப்படியல்ல. அங்கே விழுவது பயிர் மட்டுமல்ல, பயிரைத் தாங்கும் கட்டுமானமும் சேர்ந்து விழுகிறது. அதைத் திரும்ப எழுப்புவது தனித் தொழில்.

கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றி விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம் இங்கு வந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காய்க்கும் பிற ஊர்த் திராட்சைகளிலிருந்து இது வேறுபடுகிறது: கவாத்துச் செய்த நூற்றுப் பத்து, நூற்றிருபது நாளில் அறுவடைக்கு வரும், இரண்டு ஆண்டில் ஐந்து வெட்டு வரை எடுக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தேதி மாறுவதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். பள்ளத்தாக்குக்கு வருமானம் தருவது இந்த ஓட்டம். காற்றுக்கு ஏதாவது ஒரு தோட்டம் எப்போதும் இலக்காக இருப்பதும் இதனால்தான்.

பந்தலின் அமைப்பு தெரிந்தால் அது ஏன் மொத்தமாக விழுகிறது என்பது புரியும். வரிசை வரிசையாகக் கல்தூண்கள் நட்டிருக்கும், ஆள் குனியாமல் நடந்துபோகிற உயரத்தில். ஓரத்துக் கற்களைச் சுற்றித் தடித்த கம்பி ஓடும். அதிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டி வலை போட்டிருப்பார்கள். அந்த வலையின் விறைப்பு முழுவதையும் தாங்குபவை நான்கு மூலைக்கற்கள். அவற்றை வெளிப்புறம் சாய்வாக இழுத்து நிலத்தில் புதைத்த கல்லோடு கட்டிய இழுகம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தூண் ஒடிந்தால் பந்தல் அந்த இடத்தில் தொய்யும், அவ்வளவே. மூலையில் இழுகம்பி அறுந்தாலோ மழையில் மண் இளகிப் புதைகல் பெயர்ந்தாலோ, விறைப்பு ஒரு பக்கம் விட்டுப்போய் எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் தூண்களை வரிசையாகத் தம் பக்கம் சாய்த்துவிடும். பழுத்த குலையும் நனைந்த இலையும் சேர்ந்த பாரம் மிச்சத்தை முடிக்கும். ஆகவே அறுவடைக்கு இருக்கும் தோட்டமே அதிகம் விழுகிறது. கவாத்து முடிந்து வெறும் கொடியாக நிற்கும் தோட்டம் தப்பிவிடுகிறது.

எழுப்பும் வேலை பழத்திலிருந்து தொடங்குகிறது. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. மண்ணில் பட்டு, மழையில் வெடித்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. முதல் நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தரியோடு விழுந்த பந்தலுக்குள் தவழ்ந்து நுழைந்து, தேறும் குலைகளை வெட்டிப் பெட்டியில் சேர்க்கிறார்கள். வெடித்தது, மண் ஒட்டியது தனியாகப் போகும். பாரம் குறைந்தபிறகுதான் பந்தலில் கை வைக்கலாம். அவசரப்பட்டுத் தூக்கினால் அடிக்கொடி பிளந்துவிடும். அடிக்கொடி முறியாத செடி கவாத்து முடிந்து நான்கு மாதத்தில் பழம் தரும். முறிந்தால் புதுக்கன்று நட்டுப் பந்தலில் படர்த்திப் பழம் பார்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிவிடும். அந்த முதல் இரண்டு நாளின் நிதானம்தான் நான்கு மாதமா இரண்டு ஆண்டா என்பதைத் தீர்மானிக்கிறது. பந்தல் வேலையில் பழகியவர்களுக்கு ஊரில் மதிப்பு இருப்பது இதனால்.

அடுத்து, கவட்டைக் கம்புகளும் சவுக்குக் கட்டைகளும் வரும். இவை பெரும்பாலும் பக்கத்து வாழைத் தோட்டத்தில் முட்டுக் கொடுக்க வைத்திருந்தவை. கேட்டதும் கிடைக்கும், வாடகை கிடையாது. ஒருவர் குரல் கொடுக்க, ஒரு வரிசையில் நிற்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைத் தோளில் ஏற்றி நிமிர்கிறார்கள். பின்னால் வருகிறவர் கவட்டையைக் கொடுக்கிறார். ஒரு கை உயர்ந்து மறு கை தாழ்ந்தால் கொடி திருகிக்கொள்ளும். கூலிக்கு ஆள் பிடித்து மட்டும் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் எண்ணிக்கை: பத்துப் பேர் போதாது, ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது தோள் வேண்டும், அதுவும் அரை நாளுக்குத்தான். அரை நாளுக்கு ஐம்பது பேரை எந்தக் குழுத் தலைவராலும் திரட்ட முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பெட்டி அடுக்குகிறவர்கள், வேன் ஓட்டுநர் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். சாப்பாடு தோட்டக்காரர் பொறுப்பு.

பந்தல் தற்காலிகமாக நின்றதும் கூட்டம் கலையும். மிச்சம் தேர்ந்தவர்களின் வேலை. ஒடிந்த கல்லை மாற்றுவது, சாய்ந்த கல்லைத் தோண்டி நிமிர்த்திக் கெட்டிப்படுத்துவது, மூலையிலிருந்து தொடங்கிக் கம்பியை முறுக்கி விறைப்பேற்றுவது எல்லாம் வாரக்கணக்கில் நடக்கும். விறைப்பைக் கையால் தட்டிப் பார்த்தே சொல்கிறார்கள். பிறகு கவாத்து. பன்னீருக்கு நான்கைந்து கணு விட்டு வெட்டுவது வழக்கம். அடிபட்ட கொடியில் எதை விடுவது எதைக் கழிப்பது என்பது வெட்டுகிறவரின் கணிப்பு. வெட்டுவாயில் போர்டோ கலவையைப் பசையாகப் பூசுகிறார்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் ஏறாமல் இருக்க. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் மருந்து விவரம் கேட்கத் தூரம் போக வேண்டியதில்லை. கடைசியாகக் கொடியைப் பரப்பிக் கட்டுவது பெண்களின் வேலை. நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து வைத்துச் செய்யும் இந்த வேலைக்கு ஆண் கூலியைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் வருவதில்லை.

வெற்றிலைக் கொடிக்காலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களில் தாங்குமரம் உயிருள்ள அகத்தி. அகத்தி ஒடிந்தால் கொடியை மெல்ல இறக்கி அடுத்த அகத்தியோடு சேர்த்துக் கட்டலாம். வெற்றிலைக்கொடியை அவ்வப்போது இறக்கிக் கட்டுவது எப்படியும் வழக்கமான வேலை. காற்று அதை முன்னதாகச் செய்யவைக்கிறது.

வேலையாட்கள் கிடைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கூடலூர், கம்பம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அவற்றில் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலையிலும் கோடைக் காற்றில் நிழல்மரக் கிளைகள் முறிந்து ஏலச்செடி மேல் விழுந்திருக்கும். அங்கும் ஆள் தேவை, அங்கே கூலியும் கூடுதல். பள்ளத்தாக்கில் ஒரு பந்தலைத் தூக்க ஒருவர் ஜீப்பை விட்டு நின்றால் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கிறார் என்று பொருள். நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோராலும் முடிவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? கல்லும் கம்பியும் கடன். கம்பிக்கடையும் உரக்கடையும் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கை எடுத்துப்போகச் சொல்கின்றன. அடுத்த வெட்டுவரை, அதாவது நான்கைந்து மாதம் பொறுப்பது அந்தக் கடைக்காரருக்கும் எளிதல்ல, அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. காயைப் பார்த்து முன்பணம் கொடுத்த வியாபாரி அதைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த வெட்டுக்குத் தள்ளிவைக்கிறார். இதை நல்லெண்ணம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. தள்ளிவைத்த முன்பணம் விவசாயியை அதே வியாபாரியிடம் கட்டிப்போடுகிறது. கேரளச் சந்தையில் விலை ஏறினாலும் அவர் சொல்லும் விலைக்கே எடை போட வேண்டிவரும். இருந்தும், வங்கி வாசலில் நிற்பதைவிட இது மேல் என்று விவசாயிகள் கணக்குப் போடுவதில் நியாயம் இருக்கிறது. பந்தல் காத்திருக்காது.

இந்த ஏற்பாடு இயங்குவதற்கு அடிப்படை, காற்றின் தடம் குறுகலாக இருப்பது. பக்கத்துத் தோட்டம் நிற்பதால்தான் அங்கிருந்து ஆளும் கம்பும் வருகின்றன. அடுத்த ஊர் வியாபாரம் ஓடுவதால்தான் கடைக்காரரால் பொறுக்க முடிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். டெல்டாவில் ஒரே இரவில் எல்லோருடைய தென்னையும் விழுந்தது. உதவப்போக வேண்டிய அண்டை வீட்டுக்காரரின் கூரையும் இல்லை. மின்கம்பம் நட மற்ற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வர வேண்டியிருந்தது. தென்னை நட்டுக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். அத்தனை ஆண்டு எந்தப் பற்று நோட்டும் தாங்காது. வலுவிழந்த கஜா திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலையைக் கடந்து கேரளத்துக்குப் போனது. டெல்டாவில் அடித்த வேகத்தோடு அது கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்திருந்தால் இங்குள்ள ஒத்தாசையும் போதாமல்தான் போயிருக்கும்.

அரசின் நிவாரணம் இந்த நடைமுறைக்குப் பொருந்தாமல் நிற்கிறது. பேரிடர் நிவாரண விதிப்படி சேதம் குறைந்தது 33 விழுக்காடு இருக்க வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த அளவின்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். இரண்டு ஹெக்டேர் வரை மட்டும். இது இடுபொருள் மானியம் என்ற கணக்கில் வருவதால் கல்லுக்கும் கம்பிக்கும் அதில் இடமில்லை. வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் கூட்டாகக் கணக்கெடுக்க வரும்வரை விழுந்ததை விழுந்தபடி காட்ட வேண்டும் என்பது விவசாயிகளின் பயம். ஆனால் விழுந்த வாழைத் தண்டை வயலில் விட்டால் தண்டுக் கூன்வண்டு பெருகிப் பக்கத்துத் தோட்டத்தையும் பிடிக்கும். கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு வெட்டிவிடுகிறார்கள். குத்தகைக்கு உழுகிறவருக்கு அதிலும் பயனில்லை. அடங்கலில் பெயர் இல்லாவிட்டால் பணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறும்.

பயிர்க் காப்பீட்டின் குறை இன்னும் நுட்பமானது. பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டும் பங்கு அதிகபட்சம் 5 விழுக்காடு. இழப்பைத் தனித்தனித் தோட்டமாக அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூல் குறைந்தால்தான் தொகை. தனி வயலைப் பார்த்துத் தருவதற்கு ஒரு பட்டியல் உண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்தல், மேகவெடிப்பு, மின்னலால் பற்றும் தீ. சூறைக்காற்று அதில் இல்லை. ஒரு கிராமத்துக்குள் நூறு ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகும் காற்று, பகுதியின் சராசரியில் கரைந்துபோகிறது. கோடைக் காற்றின் இயல்பு தெரிந்தவர் எழுதிய பட்டியல் அல்ல அது.

வாழை அதிகம் விளையும் மாவட்டங்களுக்காவது அந்தப் பட்டியலில் காற்றைச் சேர்க்க வேண்டும். சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் பந்தலுக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும். குத்தகைதாரர் உழுகிறார் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றே நிவாரணத்துக்குப் போதும் என்று ஆக்க வேண்டும். மூன்றும் அடுத்த கோடைக்குள் செய்துவிடக் கூடியவைதான்.