புதுக்கோட்டையில் வெட்டு வாங்கிய ரோம மூஞ்சிகள்

ப்ளெக்ஸ் பேனர் இலக்கணம் நமக்கெல்லாம் அத்துப்படி. எங்க படப்பை பக்கமும் அதேதான். தலைவர் படம் பெருசா, பக்கத்துல வாரிசு, கீழே ஒரு பட்டம். இதுல புதுசா ஒண்ணும் இல்லைங்க, 2000 வருஷப் பழசு :-)

ரோமாபுரி அகஸ்டஸுக்கு மகன் கிடையாது. மகள் வயித்துப் பேரன்கள் கையஸ், லூசியஸ் ரெண்டு பேரையும் கி.மு. 17-ல் தத்தெடுத்தார். அப்புறம் ஒரு வெள்ளிக்காசு. முன்பக்கம் தாத்தா தலை, பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமா ரெண்டு பசங்க. எழுத்தைப் படிச்சா, 'அகஸ்டஸின் மகன்கள், வருங்காலக் கான்சல்கள், இளைஞர்களின் தலைவர்கள்'. ஆமாங்க, இளைஞரணியேதான்! பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே பட்டம்.

பாவம், லூசியஸ் கி.பி. 2-ல் போயிட்டான், கையஸ் கி.பி. 4-ல். நாற்காலி கடைசியில் டைபீரியஸுக்கு. ஆனா அந்தக் காசு கப்பலேறி நம்ம கொங்குநாடு வரைக்கும் வந்திடுச்சு. கோவை வெள்ளலூர்ல கிடைச்ச புதையல்ல அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான் அதிகம். நம்ம ஊர் மிளகு வியாபாரிக்கு அந்தப் பசங்க யாருன்னு என்ன தெரியும்? எடை சரியா இருக்கான்னு பார்த்திருப்பார், அவ்ளோதான்.

இதுக்கு மேலதான் மேட்டரே. 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துல 501 ரோமத் தங்கக்காசுகள் ஒண்ணா கிடைச்சது. பெரும்பாலானதுல ராஜா மூஞ்சிக்குக் குறுக்கே உளியால ஒரு வெட்டு! தெரியாம பட்ட கீறல் இல்லை, வேணும்னே போட்டது. உள்ளே செம்பு இருக்கான்னு சோதிச்சாங்கன்னு சிலர் சொல்றாங்க. தேஞ்ச காசு மறுபடி புழங்கக் கூடாதுன்னு வெட்டினாங்கன்னு சிலர். அந்நிய ராஜா முகம் இங்கே செல்லாதுன்னு காட்டத்தான்னும் ஒரு கட்சி உண்டு. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. சோதிக்கணும்னா ஓரத்துல ஒரு கீறல் போதுமே, மூஞ்சியை ஏன் பொளக்கணும்? அதே சமயம், கோபத்துல செஞ்ச மாதிரியும் எனக்குத் தோணலை. செல்லாத செக்குல குறுக்குக் கோடு போடுற மாதிரி, ரொம்ப சாவகாசமா செஞ்சிருக்காங்க. சக்கரவர்த்திக்கு இதைவிட அவமானம் வேணுமா?

ஆனா யாருமே அந்த மூஞ்சியைக் கவனிக்கலைன்னு சொல்லிட முடியாது. கரூர்ல, அமராவதி ஆத்துல கிடைச்ச சேரர் வெள்ளிக்காசைப் பாருங்க. ரோமக்காசு பாணியிலேயே ஒரு மனுஷ முகம், தலைக்கு மேல தமிழ் பிராமியில் 'மாக்கோதை'. அடுத்தவன் பேனரைப் பார்த்துட்டு, நம்ம ஆளும் சொந்தமா ஒண்ணு வச்சுட்டார்!