கோடு போட்ட பக்கம்

கல்லூரி உடற்கல்வித் துறையின் பதிவேட்டில் ஆண்டுக்கு ஒரு பக்கம். யார், எந்தப் போட்டி, எத்தனை நொடி, என்ன பதக்கம். நீச்சல் பயிற்சியாளராக என் பணிக்காலம் முழுவதும் அதில் இருக்கிறது, பெரும்பாலும் என் கையெழுத்திலேயே. 2015-16ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் நீச்சலுக்கு நேரே ஒரு கோடு. பணி ஓய்வு விழாவில் பேசியவர்கள் கோப்பைகளைச் சொன்னார்கள். அந்தக் கோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, சென்னை வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரி தாங்காமல், நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டதாக அரசு சொன்னது. யார் உத்தரவு, ஏன் தாமதம் என்ற சண்டை பிறகு வருஷக்கணக்கில் நடந்தது. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2018இல் தணிக்கை அறிக்கையே சொன்னது. ஆற்றங்கரையில் படுத்திருந்தவர்களுக்கு அந்த ராத்திரியில் தெரிந்ததெல்லாம் பாய் நனைந்தது மட்டும்தான்.

என் மாணவி ஒருத்தியின் வீடு சைதாப்பேட்டை ஆற்றங்கரையில். அப்பா பெயின்டர், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அவ்வளவு நிதானமான கைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவசரமே படாது, ஆனால் திரும்பிப் பார்ப்பதற்குள் சுவரைத் தொட்டிருப்பாள். விடிகாலையில் விடுதிப் பையன்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "சார், அவ போன் போகல."

யாருடைய போனும் போகாத காலை அது. குளத்தில் இருந்த லேன் கயிறு ஒன்றைச் சுருட்டிக் குட்டியானையில் ஏற்றினோம். உள்ளே இரும்புக் கம்பி, அதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோத்த பிளாஸ்டிக் வட்டுகள். முழுசாக விரித்தால் மிதக்கும், நீந்தத் தெரியாதவர் கைக்கும் பிடி கிடைக்கும். கூடவே லாரி டியூப்கள், மூங்கில் கழிகள். போகும் வழியெல்லாம் ஒன்றையே சொன்னேன்: எவனும் தலைகீழாகக் குதிக்காதே, கழியால் தொட்டுப் பார்த்துக் கால் வை, சாக்கடை மூடி திறந்திருக்கும். இடுப்பில் கயிறு கட்டாதே, இழுப்பில் அந்தக் கயிறே உன்னை அமுக்கிவிடும்.

அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. சாக்கடை, டீசல், ஊறிய அரிசி எல்லாம் கலந்த ஒன்று. மொட்டை மாடிகளில் நாய்கள் ஓயாமல் குரைத்தன. தெருவுக்குத் தெரு யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் வந்த இடத்தில் கூப்பிடுவது நின்றது. வராத இடங்களில் நிற்கவில்லை.

அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்து முனையில், கழுத்தளவு தண்ணீரில், சுடிதாரோடு ஒரு கல்யாண அண்டாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அண்டாவுக்குள் இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "சார், உள்ள ஆயா இருக்காங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. குழந்தைகளைக் கைமாற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மின்கம்பத்திலிருந்து எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு லேன் கயிற்றை இழுத்துக் கட்டினோம். கரண்ட் இரவே போயிருந்தது. அந்த ஆயாவைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கவில்லை. இரண்டு கையும் பாலிதீன் பையை மார்போடு அணைத்திருந்தன. ரேஷன் கார்டு, ஆதார், செத்துப்போன கணவரின் போட்டோ. "பையப் பல்லுல கடிச்சுக்கோ ஆயா, கையக் குடு" என்றான் ஒரு பையன். கடித்துக்கொண்டார். பையைக் கடித்தபடி, கண்ணை இறுக்கி மூடி, வட்டு வட்டாகக் கை மாற்றி வந்த அந்த முகத்தை, நான் பார்த்த எந்தப் போட்டியின் கடைசி மீட்டரிலும் பார்த்ததில்லை.

மதியம் ஒரு கூரைமரம் வந்து கயிற்றில் மோதியது, கேட் பெயர்ந்தது, கயிறு அறுத்துக்கொண்டு ஓடியது, அதைப் பிடித்திருந்த பையன் கூடவே போனான், நான் விசிலை ஊதினேன், யாருக்குக் கேட்கும், தலை ஒருமுறை தெரிந்தது, மறுபடி தெரியவில்லை, குறுக்கே வந்த ஃபைபர் படகிலிருந்து ஒரு கை நீண்டு அவன் தலைமுடியைப் பற்றித் தூக்கியது.

லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர் அவர். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். "கடலு சொல்லிட்டு இழுக்கும் சார். இது சொல்லாமலே இழுக்குது" என்றார். பையனுக்குத் தன் பீடியைக்கூட நீட்டினார். அவன் நடுங்கிக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினான். இன்று அவன் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர்.

அந்த வருஷம் எங்கள் கல்லூரி எந்த நீச்சல் போட்டிக்கும் போகவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தோலில் புண். குளம் நிறைய சேறு. கோடு அப்படித்தான் விழுந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். அவள் வீடும் போனது. அம்மா வேலை பார்த்த வீடுகள் சைதாப்பேட்டையில், பயிற்சி விடிகாலை ஐந்தரைக்கு. கொஞ்ச காலம் முதல் பேருந்தைப் பிடித்து, பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்துக்காவது ஓடி வந்துகொண்டிருந்தாள். தலையில் ஈரம் காயாமலே வகுப்புக்குப் போவாள், மதியத்தில் தூங்கிவிடுவாள். பிறகு வருவது நின்றது. அண்டாவைத் தள்ளிய அந்தக் கைகளைத் தண்ணீர் தோற்கடிக்கவில்லை. அந்தத் தூரம்தான் தோற்கடித்தது. இதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

இப்போது அவள் ஒரு ஐ.டி. கம்பெனி வளாகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் பெரும்பாக்கம் போயிருந்தேன். அவள் அம்மா டீ கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பேத்தியை முன்னால் தள்ளினார். "இவளுக்கும் கத்துக் குடுங்க சார். அடுத்த மழைக்கு முன்னாடி."

கிட்டத்தில் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் குளம் எது, கட்டணம் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அமையவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போய், ஒரு அகலமான பேசினில் முகம் அமிழ்த்தி மூச்சு விடப் பழக்குகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வர ஆரம்பித்திருக்கிறார்கள்.