நாலரை மீட்டர் மலை

என் செல்லக் கயலு,

கோபம் அடங்கிவிட்டதா? மலைக்கும் குன்றுக்கும் எல்லை எத்தனை மீட்டர் என்று கோச்சிங் கிளாஸ் சார் ஒன்று சொல்கிறார், புத்தகம் ஒன்று சொல்கிறது என்பதற்காக ராச்சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுப்பார்களாடி? உங்கம்மா போனில் அழாத குறை.

உனக்காகவே ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை இழுத்துக்கொண்டு தெம்போசானுக்குப் போனேன். இங்கே ஒசாகா துறைமுகத்துப் பக்கம் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. உயரம் 4.53 மீட்டர். உங்கள் மொட்டை மாடி இதைவிட உசரம்! ஆனாலும் அரசாங்க வரைபடத்தில் மலைதான். அதுவும் தானாக முளைத்ததில்லை. 1831-ல் அஜி ஆற்றைத் தூர்வாரிக் கொட்டிய மண். அப்போது இருபது மீட்டர் வாக்கில் இருந்து கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்றதாம். பிற்பாடு நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தோடு சேர்ந்து அதுவும் அமுங்கிவிட்டது. உச்சியில் சித்தப்பா மூச்சு வாங்குவதாக நடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

இதற்கும் போட்டி உண்டு. செண்டாயில் ஹியோரியாமா என்று ஒன்று. 2011 சுனாமி அரித்துத் தின்றதுபோக 3 மீட்டர் மிஞ்சியது. 2014-ல் ஜப்பானிலேயே சின்ன மலை என்ற பட்டம் அதற்குப் போய்விட்டது. கடல் அவ்வளவையும் வாரிக்கொண்டுபோன இடத்தில், மிஞ்சிய மண்மேட்டை மலை என்றே வைத்துக்கொண்டது எனக்கு நியாயமாகப் படுகிறது.

வேல்ஸில் வேறு கூத்து. அங்கே கணக்கு 2000 அடி. மினித் கிரைக் கோக் என்ற குன்றை 2008-ல் திரும்ப அளந்தால் 609.75 மீட்டர், எல்லையை 15 சென்டிமீட்டர் தாண்டி மலையாகிவிட்டது. அமெரிக்காக்காரர்கள் வைத்திருந்த 1000 அடிக் கணக்கையோ அவர்களே 1970-களில் கைவிட்டார்கள். இதற்குப்போய் நீ பட்டினி கிடக்கிறாய்!

பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதையே எழுது, வம்பு வேண்டாம். ஆனால் சுற்றுநிலத்திலிருந்து எவ்வளவு எழும்பியிருக்கிறது, சரிவு எப்படி, எதனால் உண்டானது என்று பார்க்கப் பழகு. திபெத் சராசரி 4,500 மீட்டர் உயரத்தில் இருந்தும் பீடபூமிதானே? நீ பாதிப் படியில் உட்கார்ந்து தூக்கச் சொல்லி அடம்பிடித்த பரங்கிமலையும் முந்நூறடிதான். எவரெஸ்ட் வரை போன நில அளவையை லாம்டன் 1802-ல் தொடங்கியது அதன் பக்கத்தில்தான். இதைக் குறித்துவைத்துக்கொள், கேட்டாலும் கேட்பார்கள்.

அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டை இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு. அவள் என்னிடம் குறைத்துத்தான் சொல்வாள்.

உன் சித்தி