ஊட்டியில் கிடைத்த தண்ணீர்ப் பாடம்

கோவையில் இருந்துகொண்டு ஊட்டிக்குப் போக எங்களுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று! சென்ற மே மாதம்தான் வேளை வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 46 கிலோ மீட்டர்தான். பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அது ஏறி முடிப்பதற்குள் கட்டிக்கொண்டு போன புளிசாதம் காலி.

1848-ல் ஆரம்பித்த அரசு தாவரவியல் பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிள்ளைகள் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரத்தைப் பார்க்க ஓடினார்கள். நான் கண்ணாடி வீட்டில் பிகோனியாத் தொட்டிகளின் முன்னால் நின்றுவிட்டேன்.

காரணம் உண்டு. அம்மா போன பிறகு, அவள் வளர்த்த பிகோனியாவை என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர். இலை வாடினால் இன்னொரு சொம்பு. இரண்டே மாதத்தில் தண்டு கொழகொழவென்று அழுகிச் சாய்ந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே வேலையாக இருந்த தோட்டக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"வேரும் மூச்சு விடணும்மா. எந்நேரமும் தண்ணி நின்னா மண்ணுல காத்துக்கு எடம் ஏது? வேர் அழுகினா தண்ணிய உறிஞ்சாது, இலை வாடும். நீங்க தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்துவீங்க."

நான் செய்தது அதேதான்!

விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுக் காட்டினார். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மண்தொட்டியைத் தட்டிப் பார்த்தாலும் தெரியுமாம். 'டங்'கென்றால் காய்ந்திருக்கிறது, 'தொப்'பென்றால் ஈரம். ஊற்றும்போது மட்டும் தாராளமாக, அடித்துளையில் வடிகிற வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதை அரை மணியில் கொட்டிவிட வேண்டும். பிகோனியா இலையை நனைக்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேட்டேன்.

"நாள் கணக்கே வேண்டாம்மா. இந்தக் குளிருக்கு ஒரு கணக்கு, உங்க ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு. விரல் சொல்லும்."

வெளியே என்னவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வர்க்கியும் டீயும் அவசரம்!

அம்மாவின் செடியிலிருந்து அக்கா முன்பே ஒரு கிளை ஒடித்து வைத்திருந்தாள். ஊர் திரும்பியதும் அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். இப்போது சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. தினமும் காலையில் விரலை விட்டுப் பார்க்கிறேன். 'அம்மா நாடி பிடிக்கிறா' என்று பிள்ளைகள் கேலி. நேற்று ஒரு துளிர் விட்டிருக்கிறது. அடிப்பக்கம் சிவப்பு, அம்மா வீட்டில் இருந்தது மாதிரியே.