பழகிரும்

போன வருஷம் ஒரு டூரிங் சைக்கிள் வாங்கினேன். ஓசூரிலிருந்து கன்னியாகுமரி போவதாகத் திட்டம். ஒத்திகையாகக் கிருஷ்ணகிரி அணைக்குக் கிளம்பினேன். மேட்டுநிலமான ஓசூரிலிருந்து அந்தப் பக்கம் போகப் போக மொத்தத்தில் இறக்கம்தான். கால் நோகவில்லை. ஆனால் சூளகிரி தாண்டும்போதே இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. திங்கட்கிழமை அலுவலகத்தில், ஷிஃப்ட் கீயை அழுத்தினேனா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கை போனால் சோறு போச்சு.

அப்பாவிடம் சொன்னேன். "பழகிரும்டா" என்றார். சிப்காட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர்.

நானும் பழகிப் பார்த்தேன். கையுறை வாங்கினேன். ஹேண்டில்பாரில் தடிமனான டேப் சுற்றினேன். மரத்துப்போவது நிற்கவில்லை. பிழை தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு என்பது என் தொழிலின் முதல் பாடம். சைக்கிளில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கோளாறு சீட்டில் இருந்தது. அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்க, கைகள் அதைத் தடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பின் மேல் மொத்த பாரமும் விழுந்திருக்கிறது.

ஞாயிறு காலை அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் ஆலன் கீயுடன் உட்கார்ந்தேன். முதலில் சீட்டின் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்காலில் லேசான மடிப்பு மிஞ்சும். சீட்டு தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கமும், உயர்ந்தால் பின்பக்கமும் வலிக்கும் என்பது பொதுக்கணக்கு. அடுத்து மூக்கைச் சமமாக்கி, சீட்டை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். இடுப்பு பின்னால் போனால் எடை கைக்கு வராமல் காலுக்குப் போகும். கடைசியாகத்தான் ஹேண்டில்பார். ஸ்டெம்மைக் கழற்றி, குட்டையான ஒன்றை மேல்நோக்கி மாட்டி, சீட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய அளவுகளை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். மாற்றியது சரியில்லை என்றால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க லேத்து எனக்கு உசரம்" என்றார் திடீரென்று. "தோளைத் தூக்கிக்கிட்டே நிக்கணும். சொன்னா பழகிரும்னாங்க. நாலு வருஷம் கழிச்சுதான் கால்ல ஒரு பலகை போட்டுக்கணும்னு தோணுச்சு. ஷிப்டு முடிஞ்சா அதை ஒளிச்சு வெக்கணும். இல்லேன்னா எவனாவது டீ போட எரிச்சிருவான்."

அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழாது. கொடியில் துணி போடுவதெல்லாம் இடது கையால்தான். வயசாயிடுச்சு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் என்னிடம் சொன்ன அந்த ஒற்றைச் சொல் யாரோ அவரிடம் சொன்னது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷினை இறக்க அவருக்கு வழியில்லை. என் சைக்கிளில் போல்ட் இருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடி அணைக்குப் போனேன். விரல்கள் விழித்தே இருந்தன. திரும்பும்போது ஏற்றத்தில் தொடை செத்துப்போனது. அது வேறு கணக்கு, அதற்கு உண்மையிலேயே பழக வேண்டும்.

வீட்டுக்கு வந்து வண்டியைச் சாத்தியதும் அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார். கையில் ஸ்பேனர். பக்கத்தில் அவருடைய பழைய சைக்கிள்.

"இதோட சீட்டையும் கொஞ்சம் பாருடா."