பழகாத தூரம்

எங்கள் தெருத் தம்பி ஒருவன் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைக் கட்டி இறுக்கும் லாஷிங் வேலை பார்க்கிறான். கூட இருக்கிறவர்கள் பேர் கொடுத்தார்கள் என்று அவனும் அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டான். 21.1 கிலோமீட்டர். கையில் இருந்தது மூன்று வாரம். "மூட்டை தூக்கற ஒடம்புணா இது, ஓடாதா?" என்றான். ஓடினான். பாதி தாண்டியதும் முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. மீதித் தூரத்தை நொண்டியே முடித்தான். அடுத்த வாரம் யார்டில் ஏணி ஏற முடியவில்லை. கூலி போச்சு.

•

அவன் உடம்பு பலமானதுதான். ஆனால் தூக்குகிற பலம் வேறு, ஓடுகிற பலம் வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு தாங்குகிறதே என்று நம்பித்தான் பையன்கள் தூரத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

•

பழகுவதற்கு இங்கே வடசென்னையில் இடம் எது? ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பினால் அரை மாரத்தானுக்கு மேலேயே வரும். சாலைக்கு ஒரு பக்கம் கடலும் அலைக்குப் போட்ட கருங்கல்லும். மறுபக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள். நடுவில் டயர் கிளப்பும் புழுதி. விடியற்காலை ஓடிவிட்டு வந்து முகம் துடைத்தால் துண்டில் கறுப்பு ஒட்டுகிறது. 2023இல் அரசு 8 கிலோமீட்டர் 'ஹெல்த் வாக்' பாதைகளைத் தொடங்கியபோது சென்னைக்கு அது அமைந்தது பெசன்ட் நகர்ப் பக்கம். நல்ல திட்டம். எங்கள் பக்கமும் ஒன்று வேண்டும்.

•

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தப் புழுதி இன்னும் உறுத்துகிறது. ஆகஸ்ட் மாத வெயிலில், மண் சாலையில், பிற்பகலில் ஓடவிட்டார்கள். வழியில் தண்ணீர் ஓரிரு இடத்தில்தான். அதிகாரிகளின் கார்கள் கிளப்பிய தூசியில் ஓடிய வில்லியம் கார்சியா என்பவர் வயிற்றில் ரத்தம் கசிந்து சாலையோரம் விழுந்து கிடந்தார். உயிர் தப்பியதே பெரிது. கிளம்பியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர்.

•

ஆசைக்கு ஓடுகிறவன் நின்றுவிடலாம். வேலைக்காக ஓடுகிறவன் நிற்க மாட்டான். 2024இல் ஜார்க்கண்டில் கலால் கான்ஸ்டபிள் தேர்வில் ஆண்களுக்கு 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடச் சொன்னார்கள். வெயிலும் புழுக்கமும் இருந்த அந்த நாட்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் போலீஸ் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். அதற்கே இங்கே பையன்கள் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். பழக்கமில்லாத உடம்பிடம் பத்து கிலோமீட்டர் கேட்பது கொடுமை.

•

ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவுகிறது. விட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஓடி முடித்தபின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூட ஓடுகிறவன் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அவனை ஓடவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

•

பேர் கொடுத்துவிட்ட தம்பிகளுக்கு: பழகவில்லையென்றால் 5 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாவிட்டால் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று தொடக்கத்திலிருந்தே போங்கள். மாநகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரே விண்ணப்பம்: ஞாயிறுதோறும் காலை 4 மணி முதல் 7 மணி வரை எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு பக்கம் லாரிப் போக்குவரத்தை நிறுத்திக் கொடுங்கள்.